ஆஸ்கர்டேல் பட்டம்

1461, உயிர்த்த ஞாயிறு வாரம்
ஆஸ்கர்டேல் கோட்டை

சிபில்,

நலம் விசாரிக்க மனமில்லை. உன் புருஷன் நலமாக இருப்பான். என் புருஷன் செத்துவிட்டார்.

வில்வீரன் வாட் நேற்று வந்து சேர்ந்தான். ஒரு காது இல்லை. சண்டை நடந்த டௌட்டன் ஓடையில் தண்ணீரே தெரியவில்லையாம், பிணங்களின் மேல் நடந்து கரையேறினானாம். பனி கண்ணை மறைத்ததால் யார் யாரை வெட்டுகிறார்கள் என்று கடைசிவரை தெரியவில்லை என்கிறான். என் மைல்ஸுக்குத் தொடையில் அம்பு. முள்வேலி ஓரமாக உட்கார்ந்து, வாளைக் கொடுத்துவிட்டு, தலைக்கவசத்தையும் கழற்றியிருக்கிறார். யார்க் ஆட்களின் கூட்டத்திலிருந்து உன் புருஷன் ஹ்யூ வருவதைப் பார்த்திருக்கிறார்.

"'தம்பி வந்துட்டான், இனி பயமில்ல வாட்'னு சொன்னாரும்மா. சிரிக்கக்கூடச் செஞ்சாரு. அதுக்குள்ள என்னை இழுத்துட்டுப் போயிட்டாங்க. திரும்பி வந்து பார்த்தப்போ தலை தனியா கெடந்துச்சு."

வெட்டியது யார் என்று கேட்டால் வாட் வாயைத் திறக்க மாட்டேன் என்கிறான். நீ உன் வீட்டில் கேட்டுச் சொல்.

அக்காளும் தங்கையும் பிரியக் கூடாது என்றுதானே அப்பா நம்மை ஒரே வீட்டில் கொடுத்தார். அண்ணன் எனக்கு, தம்பி உனக்கு. அண்ணன் லங்காஸ்டர் அரசருக்கு விசுவாசி, தம்பி யார்க் பக்கம். ஒரே மேசையில் உட்கார்ந்து இதைச் சொல்லிச் சிரித்தார்கள் இரண்டு பேரும். நாமும் சேர்ந்து சிரித்தோம்.

எட்மண்டிடம் சொன்னேன். ஆறு வயதுப் பிள்ளை, அழுவான் என்று நினைத்தேன். "அப்ப இனிமே நான்தானே பிரபு?" என்று கேட்டான். அறைந்துவிட்டேன். பிறகு அவனைக் கட்டிக்கொண்டு நான்தான் அழுதேன்.

கோட்டைக் கதவை மூடச் சொல்லிவிட்டேன். உன் புருஷனிடம் இதையும் சொல்.

ஃபிலிப்பா


1461, ஏப்ரல் கடைசி
ஹெஸ்லி

அக்கா,

பதில் எழுத உட்கார்ந்து உட்கார்ந்து எழுந்துவிட்டேன். அத்தானுக்காக ஆட்டுப்பட்டிக்குப் பின்னால் போய் அழுதேன். வீட்டுக்குள் அழ முடியாது.

இவர் வந்ததும் காலணியைக் கழற்றக்கூட என்னை விடவில்லை. ஓட்ஸ் ரொட்டியை எடுத்துப் பிய்த்துப் பிய்த்து மேசையில் போட்டாரே தவிர, ஒரு துண்டு வாயில் வைக்கவில்லை.

"அத்தான் எப்படிச் செத்தாரு?" என்றேன்.

"சண்டையில செத்தான்."

"யார் கையால?"

"எல்லார் கையாலயும்."

விட்டுவிடலாம் என்றுதான் நினைத்தேன். நீ கேட்டிருக்கிறாயே, அக்கா. மறுநாள் மறுபடியும் கேட்டேன். அவர் சொன்னதை அப்படியே எழுதுகிறேன். கூட்டவில்லை, குறைக்கவில்லை.

"பிரபுக்கள் யாரையும் உயிரோட விடக் கூடாதுன்னு உத்தரவு. இவன் என் அண்ணன்னு தெரிஞ்ச தளபதி, கோடாலிய என் கையில குடுத்தான். 'நீ வெட்டினா நீ எங்க ஆளு. முடியாதுன்னா அவன் பக்கத்துல போய் உட்காரு'ன்னான். நான் என்ன பண்ணியிருக்கணும்? உட்கார்ந்திருக்கணுமா?"

"உட்கார்ந்திருக்கணும்" என்றேன்.

கல்யாணமாகி இத்தனை வருஷத்தில் அன்றுதான் முதல்முறையாக என்னை அடித்தார். உதடு இன்னும் ஆறவில்லை.

இப்போது எழுதப்போவதைப் படித்ததும் நெருப்பில் போட்டுவிடு. ஆஸ்கர்டேல் பட்டம் இவருக்கு என்று புதிய அரசர் வாயாலேயே சொல்லிவிட்டாராம். நாடாளுமன்றம் கூடினால் எழுத்திலும் வந்துவிடும். பட்டாளத்தோடு உன்னிடம் வருகிறார். குதிரைக்கு லாடம் அடிப்பதைப் பார்த்துக்கொண்டு நின்றவர், பக்கத்தில் இருந்தவனிடம் "ஒரு சின்னப் பையன் மட்டும் பாக்கி" என்றார். நான் கேட்டது அவருக்குத் தெரியாது.

எட்மண்டை அனுப்பிவிடு. என்னிடம் வேண்டாம், இங்கே வந்தால் தொலைந்தான். எனக்குப் பால் கொடுத்த எம்மட் நினைவிருக்கிறதா? லிங்கன்ஷயர் சதுப்பில், விலாங்கு பிடிக்கிறவனைக் கட்டிக்கொண்டு இருக்கிறாள். கம்பளி வண்டிக்காரர்களோடு அனுப்பினால் போதும். அந்தச் சேற்றுக்குள் எந்தக் குதிரையும் போகாது.

பியர்ஸுக்கு மூன்று வயது முடிந்துவிட்டது. பெரியம்மா எங்கே என்று கேட்கிறான்.

சிபில்


1461, ஜூலை
புனித எதெல்பர்கா கன்னியர் மடம்

சிபில்,

முதலில் உன்னை நான் நம்பவில்லை. பிள்ளையை வெளியே வரவழைக்க உன் புருஷன் சொல்லித்தான் நீ எழுதினாய் என்று நினைத்தேன். சில நாள் அப்படியே விட்டேன். உதடு வெடித்ததை எழுதியிருந்தாயே, அந்த வரியைப் படித்துப் படித்துத்தான் மனசு மாறியது. நீ சின்ன வயதிலிருந்தே பொய் சொன்னால் உடம்பு வலியைச் சேர்த்துச் சொல்ல மாட்டாய்.

எட்மண்ட் கம்பளி வண்டியில் எம்மட்டிடம் போன மறுவாரம் ஹ்யூவின் பீரங்கிகள் வந்தன. கல் குண்டுகள். ஒன்று சமையற்கட்டுக் கூரையைப் பிய்த்துக்கொண்டு விழுந்தது. அடுப்பருகே ரொட்டி சுடுகிறவள் ஆலிஸின் மகன் இருந்தான். எட்மண்டின் வயதுதான். முகம் என்று ஒன்றும் மிச்சமில்லை.

நான் என்ன செய்தேன் தெரியுமா? எட்மண்டின் நீலச் சட்டையை அவனுக்குப் போடச் சொன்னேன். பிரபுவின் மகன் செத்தான் என்று மணி அடிக்கச் சொன்னேன். தேவாலயத்துக்குள், பெரியவர்கள் வரிசையில் குழி. ஆலிஸை முன்னால் நிற்க விடவில்லை. பெற்றவள் அழுதால் தெரிந்துவிடும் என்று மாவு அறையில் வைத்துப் பூட்டினேன். கதவைத் திறந்தபோது அவள் கேட்டாள், "என் புள்ளைய அவன் பேரைச் சொல்லிக்கூடப் புதைக்கக் கூடாதாம்மா?"



பிறகு கோட்டைக் கதவைத் திறந்து ஹ்யூவிடம் கொடுத்துவிட்டேன். வாட்டைக் கொத்தளத்திலிருந்து தூக்கிலிட்டார்கள். மற்றவர்களைக் கட்டைவிரலை வெட்டி விரட்டினார்கள், இனி வில் இழுக்க முடியாதபடி. என்னை இந்த மடத்தில் கொண்டுவந்து தள்ளியிருக்கிறான் உன் புருஷன். என் முகத்தை அவன் பார்க்கவே இல்லை.

ஃபிலிப்பா


1461, டிசம்பர், திருவருகைக் காலம்
ஆஸ்கர்டேல் கோட்டை

அக்கா,

இந்த இடத்தின் பெயரை என் கடிதத்தின் தலையில் எழுதவே கூசுகிறது.

நாடாளுமன்றத்தில் முடிந்துவிட்டது. அத்தான் துரோகி, அவர் இரத்தம் கறைபட்டது, அவர் வழியில் எவருக்கும் உரிமை இல்லை என்று வாசித்தார்களாம். அடுத்த மூச்சில் இவர் ஆஸ்கர்டேல் பிரபு. மாமனார் குடித்துவிட்டுச் சொல்வாரே: முதல் பிரபு ஒரு ஸ்காட்லாந்துத் தலைவனின் தலையை உப்புப் பீப்பாயில் வைத்து அரசருக்கு அனுப்பிப் பட்டம் வாங்கினார், அவர் மகன் கலகத்தில் சேர்ந்து தலையையும் பட்டத்தையும் சேர்த்துக் கொடுத்தார், பேரன் பிரான்சில் ஒரு ஊரையே எரித்துத் திரும்ப வாங்கினார் என்று. அப்போது அது யாரோ எவரோ என்று கேட்டுக்கொண்டிருந்தோம்.

உன்னிடம் சொல்ல வேண்டியது இதுவல்ல. போன வாரம் அந்தக் குழியைத் தோண்டினார்கள்.

உள்ளே இருப்பது எட்மண்ட் இல்லை என்று யாரோ இவர் காதில் ஓதியிருக்கிறார்கள். என்னைக் கூப்பிட்டனுப்பினார். பாதிரியாரும் இருந்தார், ஆலிஸும் இருந்தாள். அவளை ஏன் வரச் சொன்னார்கள் என்று எனக்கு விளங்கிவிட்டது. பெற்றவள் பார்த்ததும் கத்திவிடுவாள் என்று கணக்கு.

மூடியைத் திறந்தார்கள். நான் எழுத மாட்டேன், அக்கா, அதை. நீலச் சட்டை மட்டும் நிறம் போகாமல் இருந்தது.

"உன் அக்கா மகன்தானே? நல்லா பார்த்துச் சொல்லு" என்றார்.

நான் ஆலிஸைப் பார்க்கவில்லை. பார்த்திருந்தால் வாய் வந்திருக்காது. "எட்மண்ட்தான். இடது கால் சுண்டுவிரல் வளைஞ்சிருக்கு பாருங்க. பொறந்தப்பவே நான் பார்த்தது" என்றேன்.

"சத்தியமா?"

பாதிரியாரின் கையிலிருந்த புத்தகத்தின் மேல் கையை வைத்துச் சத்தியம் செய்தேன். ஆலிஸ் ஒரு சத்தமும் போடவில்லை. பிறகு பார்த்தால் தன் கையைத் தானே கடித்திருக்கிறாள், எலும்பு தெரிய. நான்தான் கட்டுப்போட்டேன். "ஒரு புள்ளையாச்சும் இருக்கட்டும்மா" என்று மட்டும் சொன்னாள்.

இவர் நம்பினாரா, நம்ப விரும்பினாரா, தெரியவில்லை. அன்று நிறையச் சாப்பிட்டார்.

சிபில்


1462, ஜனவரி
கன்னியர் மடம்

சிபில்,

உன் கடிதத்தைப் படித்தேன். நன்றி என்று எழுத எனக்கு வரவில்லை. உன் புருஷன் கையிலிருந்து என் பிள்ளையைக் காப்பாற்றியதற்கு உனக்கு நான் நன்றி சொல்ல வேண்டிய நிலையில் இருப்பதே எனக்குப் பொறுக்கவில்லை.

ஆலிஸுக்கு ஏதாவது செய்.

ஃபிலிப்பா


1471, மே
ஆஸ்கர்டேல் கோட்டை

அக்கா,

பல வருஷம் கழித்து எழுதுகிறேன். உன் கொழுந்தன் போய்விட்டார்.

பார்னெட் சண்டையில் முழங்காலுக்குக் கீழே ஈட்டி. கட்டிலில் கொண்டுவந்து போட்டார்கள். கால் கறுத்தது, பிறகு தொடை கறுத்தது. நாற்றத்துக்கு வேலையாட்கள் அறைக்குள் வரவில்லை, நாயும் வரவில்லை. நான் மட்டும் இருந்தேன். வைத்தியன் ரம்பத்தை எடுத்து அறுத்தபோது இவர் என் பெயரைச் சொல்லவில்லை, கடவுளைக் கூப்பிடவில்லை. "மைல்ஸ், சொல்லுடா, விடச் சொல்லுடா" என்று கத்தினார். கடைசிவரை அத்தானைத்தான் கூப்பிட்டார். உனக்கு இது ஆறுதலா, மேலும் கோபமா என்று தெரியவில்லை. தெரிய வேண்டிய விஷயம் என்று எழுதுகிறேன்.

பியர்ஸுக்குப் பதின்மூன்று. அவனைத்தான் இப்போது பிரபு என்கிறார்கள். வாள் வித்தைக்காரன் வந்தால் ஒளிந்துகொள்வான். ஆற்றில் அணை கட்டி ஆலை ஓட்டுவதில்தான் நாள் முழுவதும். அவன் அப்பா செத்த பிறகு அவனிடம் உண்மையைச் சொன்னேன், எட்மண்ட் அண்ணன் உயிரோடு இருக்கிறான் என்று. பயப்படுவான் என்று பார்த்தால், "அண்ணன் வந்தா நான் எந்த அறையில படுத்துக்கறது?" என்று கேட்டான்.

அக்கா, ஒன்று கேட்கிறேன். இதுவரை உன்னிடம் நான் எதுவும் கேட்டதில்லை. எட்மண்ட் எங்கே இருக்கிறானோ அங்கேயே நன்றாக இருக்கட்டும். என் நகை, ஹெஸ்லி நிலம், எது வேண்டுமானாலும் அவனுக்கு. இந்தப் பெயரை மட்டும் அவன் மறந்துவிட்டால் போதும். எத்தனை தலை விழுந்துவிட்டது இதற்கு.

சிபில்


1471, செப்டம்பர்
கன்னியர் மடம்

சிபில்,

எட்மண்டுக்குப் பதினாறு முடிந்துவிட்டது. எம்மட் அவனை விலாங்குக் கூடையோடு மடத்துக்கு அழைத்து வருவாள், மீன் விற்கிறவள் மகனாக. சேற்று ஜனங்களைப் போலத்தான் பேசுகிறான், கையெல்லாம் மீன் நாற்றம். நான் அந்தக் கையைப் பிடித்துக்கொண்டு, நீ யார், உன் அப்பா யார், உன் கோட்டைக்கு எத்தனை கொத்தளம் என்று சொல்லிக்கொண்டே இருப்பேன். அதைத் தவிர அவனுக்குக் கொடுக்க என்னிடம் என்ன இருந்தது?

உன் கடிதத்தையும் படித்துக் காட்டினேன். "சித்தி நல்லவங்க. ஆனா என் வீட்டை எனக்கே விலை பேசறாங்க" என்றான்.

அவன் சொல்வதில் என்ன தப்பு? அது அவன் பொருள், சிபில். பிரான்சை ஒட்டிய பிரிட்டனிக்குக் கப்பல் ஏறிவிட்டான். லங்காஸ்டர் பக்கத்தில் மிச்சம் இருப்பவர்கள் அங்கேதான் இருக்கிறார்கள்.

ஹ்யூவின் கால் விஷயம். ஆறுதலாகத்தான் இருந்தது. மறைக்க மாட்டேன்.

ஃபிலிப்பா


1485, செப்டம்பர்
ஆஸ்கர்டேல் கோட்டை

சிபில்,

இந்தக் கடிதம் வரும் வண்டியில் பியர்ஸ் இருக்கிறான். துணியை நீ விலக்காதே. வேறு யாரையாவது விலக்கச் சொல்.

நீ அன்று எனக்குக் கூட்டாமல் குறைக்காமல் எழுதினாய். நானும் அப்படியே எழுதுகிறேன்.

யார்க் அரசர் சண்டையில் செத்து, லங்காஸ்டர் பக்கத்துப் புது அரசர் லண்டனுக்குப் போனதும், எட்மண்ட் படையோடு என்னை மடத்திலிருந்து அழைத்துக்கொண்டு இங்கே வந்தான். உன் மகன் எந்தப் பக்கமும் சண்டைக்குப் போகவில்லை என்று வழியெல்லாம் சொல்லிக்கொண்டே வந்தேன். கதவு திறந்திருந்தது. உன்னை ஹெஸ்லிக்கு அனுப்பிவிட்டு, பியர்ஸ் முற்றத்தில் தனியாக நின்றான், வாள் இல்லாமல். கையில் சாவிக்கொத்து.

"அண்ணா, அம்மா எல்லாம் சொல்லியிருக்காங்க. உன் எடம் இது. இந்தா" என்று நீட்டினான்.

எட்மண்ட் வாங்கிக்கொண்டான். பிறகு தன் ஆட்களிடம் தலையசைத்தான். அவர்கள் பியர்ஸின் கையைப் பின்னால் கட்டினார்கள்.

நான் குதிரையிலிருந்து விழுந்துதான் இறங்கினேன். ஓடிப் போய் நடுவில் நின்றேன். "உன் உயிரு சித்தி போட்ட பிச்சைடா. அவ மட்டும் அன்னிக்கு உண்மையச் சொல்லியிருந்தா நீ இன்னிக்கு இல்ல" என்றேன்.

"தெரியும்மா" என்றான். குரலை உயர்த்தவே இல்லை. "ஒரு பையன விட்டு வச்சா என்ன ஆகும்னு என்னைப் பாருங்க. இருபத்தி நாலு வருஷம் கழிச்சு வாசல்ல வந்து நிக்கிறேன். சித்தி பண்ண தப்ப நான் பண்ண மாட்டேன்."

"நான் எங்கேயும் வந்து நிக்க மாட்டேண்ணா. எனக்கு ஆலை போதும்" என்றான் பியர்ஸ்.

"நீ நிக்க மாட்டே. உன் பேரைச் சொல்லி நாலு பேர் நிப்பாங்க."

குதிரை ஏறும் கல்லின் மேல் அவன் தலையை வைத்தார்கள். வெட்டியவனுக்குப் பழக்கமில்லை. முதல் வெட்டு தோளில் விழுந்தது. பியர்ஸ் "அம்மா" என்றான். நான் அங்கே இருந்தேன், சிபில், என்னைத்தான் இரண்டு பேர் பிடித்துக்கொண்டிருந்தார்கள். நான் அவனுக்குப் பெரியம்மா. அம்மா என்றால் நீதான். அடுத்ததும் சரியாக விழவில்லை. அதற்கு மேல் எழுத மாட்டேன்.

தலையை வாசல் மேல் குத்தி வைத்தான் எட்மண்ட். மறுநாள் காலை நான் ஏணி கொண்டுவரச் சொன்னேன். காவலன் தடுத்தான். "நான் யார் தெரியுமா, ஆஸ்கர்டேல் பிரபுவோட தாய்" என்றேன். விலகிவிட்டான். இந்தப் பட்டம் எனக்கு உபயோகப்பட்டது அந்த ஒரு முறைதான். நானே ஏறி, நானே எடுத்து, கழுவி, உடம்போடு சேர்த்துத் தைத்து வைத்திருக்கிறேன்.

வண்டியோடு நானும் வருகிறேன். உன் வாசலில் நிற்பேன்.

ஃபிலிப்பா


1485, அக்டோபர்
ஹெஸ்லி

கடிதமும் வந்தது. வண்டியும் வந்தது. மழையில் நீ நின்றதை மாடியிலிருந்து பார்த்தேன். நீ போகும்வரை பார்த்துக்கொண்டுதான் இருந்தேன்.

இனி எழுதாதே.


1489, மே
ஆஸ்கர்டேல் கோட்டை

சிபில்,

எழுதாதே என்றாய். இதைப் படிக்காமல் எரித்தாலும் சரி.

எட்மண்ட் செத்துவிட்டான். அரசர் கேட்ட வரியை வாங்கச் சந்தைக்குப் போனான். போன வருஷம் விளைச்சல் இல்லை, இந்த வருஷம் விதையே இல்லை. "மகாராஜா எங்க வயித்தையும் வரியா எடுத்துக்கட்டும்" என்று யாரோ கத்தியிருக்கிறார்கள். இவன் சாட்டையை எடுத்து அவன் முகத்தில் அடித்தான். அவ்வளவுதான். குதிரையிலிருந்து இழுத்துப் போட்டார்கள். கதிரடிக்கும் தடியால் அடித்தே கொன்றார்கள், ஆணும் பெண்ணும் சேர்ந்து. கூட வந்த ஆட்கள் ஒருவன்கூட வாளை உருவவில்லை. நான் போனபோது கதிரடித்த களம் மாதிரிதான் இருந்தது. மோதிரத்தைப் பார்த்து அடையாளம் சொன்னேன்.

அரசரின் படை வந்து ஊரை எரித்தது. தூக்கில் போட மரம் போதவில்லை என்று வண்டியின் நுகத்தடிகளை நட்டார்கள். இதெல்லாம் என் மகனுக்காகவாம்.

அவன் மனைவி முன்பே பிரசவத்தில் போய்விட்டாள். பிள்ளையும் தங்கவில்லை. என்னைத் தவிர இங்கே யாரும் இல்லை.

நீ சந்தோஷப்படலாம். அந்த உரிமை உனக்கு உண்டு. சந்தோஷம் என்று ஒரு வரி எழுதி அனுப்பு. அதைப் படித்துவிட்டால் எனக்கு ஏதோ ஒன்று தீரும் போல இருக்கிறது.

ஃபிலிப்பா


1489, அறுவடை முடிந்து
ஹெஸ்லி

அக்கா,

கேட்டாய், சொல்கிறேன். சந்தோஷப்பட்டேன். செய்தி வந்த நாள் நன்றாகச் சாப்பிட்டேன். அடுத்த நாளும் அப்படியே இருக்கும் என்று நினைத்தேன். இல்லை. ஆட்டுக்குத் தீவனம் வைக்கும்போது திடீரென்று அழுகை வந்துவிட்டது. அவன் பிறந்தபோது தொப்புள்கொடி அறுத்துத் துடைத்து உன்னிடம் கொடுத்தது நான்தானே. பியர்ஸுக்காக அழுதேனா, அவனுக்காக அழுதேனா என்று பிரித்துச் சொல்ல வரவில்லை.

இந்தக் கோடையில் அரசரின் அதிகாரி ஒருவர் வந்தார். நல்ல மரியாதையான மனுஷன், எழுத ஒரு ஆளையும் கூட்டி வந்திருந்தார். பீர் ஊற்றிக் கொடுத்தேன்.

"ஆஸ்கர்டேல் வழியில ஆண் வாரிசு யாராவது உண்டாம்மா? தூரத்துச் சொந்தமா இருந்தாலும் பரவாயில்ல. வடக்குல மகாராஜாவுக்கு ஒரு பிரபு வேணும்" என்றார்.

"யாரும் இல்லைங்க."

"பெவர்லியில உங்க வார்லி குடும்பப் பேரோட ஒரு சாயக்காரன் இருக்கானாமே. மூணு பசங்க வேற."

அக்கா, உனக்கு அந்தச் சாயக்காரன் ரோஜரைத் தெரியாது. மாமனாரின் சித்தப்பா வழிப் பேரன், முறையாகப் பிறந்தவன்தான். முழங்கை வரை நீலமாக இருப்பான், வருஷத்துக்கு ஒரு தடவை என்னிடம் கம்பளி வாங்க வருவான். மூன்று பிள்ளைகளும் தொட்டியைச் சுற்றி ஒருவன் மேல் ஒருவன் சாயத்தைத் தெளித்து விளையாடுகிறவர்கள். அவர்களில் மூத்தவனுக்கு ஒரு கோட்டை கிடைக்கும். அடுத்த இரண்டு பேரும் அந்தக் கோட்டையைப் பார்த்துக்கொண்டே வளர்வார்கள்.

சிரித்தேன். "அவனா? அவன் பாட்டி எங்க பால் கறக்கிற எடத்துல வேலை செஞ்சவ. கல்யாணம் காட்சி எதுவும் இல்ல. பேரு மட்டும் ஒட்டிக்கிச்சு" என்றேன்.

"சத்தியம் பண்ணுவீங்களா?"

கையை வைத்துச் சத்தியம் செய்தேன். அன்று குழியருகே செய்தது போலவே, புத்தகத்தின் மேல்.

"அப்ப இதோட முடிஞ்சுதுன்னு எழுதிக்கறேன்" என்றார். "எழுதிக்கோங்க" என்றேன். பீரை முடித்துவிட்டு, கோட்டையும் நிலமும் அரசருக்குப் போகும் என்று சொல்லிவிட்டுப் புறப்பட்டார்.

விஷயம் எப்படியோ பெவர்லிக்குப் போய்விட்டது. போன வாரம் ரோஜர் நீலக் கையோடு வந்து என் முற்றத்தில் நின்று கத்தினான். "எங்க பாட்டியப் பத்தி என்ன சொன்னீங்க? அவங்கள எந்தத் தேவாலயத்துல கட்டினாங்கன்னு நான் காட்டட்டுமா? எனக்கு எதுவும் வேணாம், ஆனா இனிமே ஊர்ல என் பசங்கள என்ன சொல்லிக் கூப்பிடுவானுங்க?"

கத்தட்டும் என்று விட்டேன். அவன் மனைவி கூடவே வந்திருந்தாள். அவன் கத்தி ஓய்ந்து வண்டிக்குத் திரும்பியதும், என் கையை எடுத்து முத்தமிட்டுவிட்டு அவன் பின்னால் ஓடினாள்.

கோட்டையைக் காலி செய்யச் சொல்லி உன்னிடம் ஆட்கள் வருவார்கள். மறுபடியும் மடத்துக்குப் போகலாம் என்று நினைத்திருப்பாய். இங்கே வா. பியர்ஸைப் பற்றி நான் பேசும் நாளில் நீ பதில் சொல்லாமல் கேட்டுக்கொண்டிருக்க வேண்டும். நீ எட்மண்டைப் பற்றிப் பேசும் நாளில் நான் எழுந்து வெளியே போனாலும் போவேன், திரும்பி வருவேன்.

மேற்குப் பக்க அறையில் கூரை ஒழுகுகிறது. கிழக்கு அறையை உனக்கு ஒழித்து வைத்திருக்கிறேன், ஆனால் குளிர் அதிகம். கம்பளி இருந்தால் எடுத்துக்கொண்டு வா.

சிபில்